தலைவலி எந்த நொடியில் வந்தது?

வீட்டில் ஒருவருக்குத் தலைவலி என்றால் "ரொம்ப வலிக்குதா?" என்றுதான் முதலில் கேட்போம். அதைவிட முக்கியமான கேள்வி வேறு: "வலி தொடங்கினதிலிருந்து தாங்க முடியாம ஆகுற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆச்சு?"

ஒற்றைத் தலைவலி மண்டையைப் பிளக்கும், வாந்தி வரும், வெளிச்சம் பட்டாலே கண் கூசும். அத்தனையும் இருந்தும் அது உயிரைப் பறிக்கிற வியாதி அல்ல. அது ஏறும் விதம் தெரிந்ததுதான். ஒரு பக்கம் விண்விண்ணென்று ஆரம்பித்து, அரை மணியோ ஒரு மணியோ கழித்து உச்சத்துக்குப் போகும். மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய் புடைத்து வெடித்தால் வரும் வலி அப்படி ஏறாது. ஒரு நிமிடத்துக்குள், பல சமயம் சில வினாடிகளில், உச்சத்தில் நிற்கும். "பின்மண்டையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்பார்கள். இடி விழுந்தாற்போல் வருவதால் மருத்துவர்களும் இதற்கு இடியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்படி வலி வந்தவர்களில் பலருக்கு அந்த நொடி அச்சடித்த மாதிரி நினைவிருக்கும். "குக்கர் மூடியத் திறந்தேன், அப்பத்தான்." "லிஃப்ட் பொத்தான அழுத்தினேன், சுளீர்னு." சாதாரணத் தலைவலிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "மத்தியானத்திலேருந்து லேசா இருந்துச்சு, இப்ப கூடிப்போச்சு" என்பார். இந்த இரண்டு பதில்களுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

திடீரென்று வரும் எல்லா வலியும் ரத்தக் கசிவு இல்லை. பலருக்கு ஸ்கேனில் ஒன்றும் இருக்காது, நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் எது எது என்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, நரம்பியல் நிபுணராலும்கூட. அதற்கு ஸ்கேன் வேண்டும்.

இதில் பலரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பனடோல் (பாராசிட்டமால்) போட்டு, கோடாரித் தைலம் தேய்த்துப் படுத்தால் வலி குறைந்துவிடலாம். "குறைஞ்சிருச்சு, அப்ப ஒண்ணுமில்ல" என்று விட்டுவிடுவார்கள். மாத்திரைக்கு வலி கேட்டது என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று சொல்லவே முடியாது. சிலருக்கு ரத்தக்குழாய் முழுதாக வெடிக்கும் முன் கொஞ்சமாகக் கசியும், வலி இடி மாதிரி வந்து தானாகவே தணியும். பெரிய வெடிப்பு பிறகுதான் வரும். ஒருமுறை வெடித்தது மறுபடி வெடிக்கும் ஆபத்தும் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதனால் நொடியில் உச்சத்துக்குப் போன வலி இப்போது போய்விட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

40 வயதுக்கு மேல், கழுத்து வலி அல்லது இறுக்கம், நினைவு தப்பியது, பாரம் தூக்கும்போதோ கழிப்பறையில் முக்கும்போதோ உடலுறவின்போதோ வலி வந்தது: இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவர்களின் சந்தேகம் கூடும். கடைசியாகச் சொன்னதை நம் ஆட்கள் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள், டாக்டருக்கு அது வெறும் தகவல்தான். கழுத்தைச் சோதிக்கும் முறை எளிது. உட்கார்ந்தபடி தாடையை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். தொட முடியாமல் கழுத்து பின்னால் இழுத்துக்கொண்டால் அது நல்ல அறிகுறி இல்லை. விழுந்து அடிபட்டவருக்கு மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், கழுத்தை அசைக்கவே கூடாது.

இனி எங்கே போவது என்ற கேள்வி. இங்கேதான் நேரம் வீணாகிறது. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) புளோக்கின் கீழே இருக்கும் கிளினிக்கிலோ சி.டி. ஸ்கேன் கிடையாது. 24 மணி நேரக் கிளினிக்கிலும் கிடையாது. அங்கே வரிசையில் நின்று, டாக்டர் பார்த்து, கடிதம் எழுதி அனுப்புவதற்குள் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிவிடும். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்தால் மூளையைச் சுற்றியுள்ள ரத்தம் கிட்டத்தட்ட தப்பாமல் தெரியும். நேரம் போகப் போக ரத்தம் கரைந்து மங்கும், ஸ்கேன் தவறவிடும் வாய்ப்பு கூடும். பிறகு முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். அதனால் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

995ஐ அழையுங்கள். அவசர நிலை என்றால் குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. 1777 அவசரமில்லாதவர்களுக்கான எண், இதற்கு அது வேண்டாம். போனில் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: புளோக் எண், தெரு, மாடி, வீட்டு எண். பிறகு ஒரே வாக்கியம்: "திடீர்னு கடுமையான தலைவலி, ஏழு முப்பதுக்கு வந்துச்சு, ரெண்டு தடவை வாந்தி, இப்ப தூங்கித் தூங்கி விழறாங்க." இங்கே வேலைக்கு வந்திருக்கும், ஆங்கிலம் அதிகம் வராத தம்பிகளுக்கு இது போதும்: "சடன் ஹெடேக். வெரி வெரி பேட். ஸ்டார்ட் செவன் தர்ட்டி. வாமிட் டூ டைம்." 'சடன்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்த ஒரு சொல்லுக்கு அங்கே அத்தனை மதிப்பு. அழைப்பை நீங்களாகத் துண்டிக்காதீர்கள். ஒருவர் கீழே இறங்கிப்போய் லிஃப்டைப் பிடித்து வைத்திருக்கட்டும். பெரிய குடியிருப்புப் பேட்டைகளில் எந்தப் புளோக், எந்த லிஃப்ட் என்று தேடுவதிலேயே நிமிடங்கள் போகும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாது. காபி, தண்ணீர், கஞ்சி எதுவும் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் கண்டிப்பாகக் கூடாது. நெஞ்சு வலிக்கு ஆஸ்பிரின் கொடுப்பதைக் கேள்விப்பட்டு இதற்கும் கொடுக்கிறவர்கள் உண்டு. மூளையில் கசிவு இருந்தால் அது கசிவை மோசமாக்கும். அவர் தானே வண்டி ஓட்டவும் கூடாது. தினமும் சாப்பிடும் மருந்துகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

அவசரப் பிரிவில் முன்னால் உட்கார்ந்திருக்கும் தாதிதான் உங்களை எந்த வரிசையில் வைப்பது என்று தீர்மானிப்பவர். பி1 முதல் பி4 வரை நான்கு நிலைகள், பி1 உயிருக்குப் போராடுபவர்களுக்கு. வந்த நேரத்தைப் பார்த்து இந்த வரிசை போவதில்லை, ஆபத்தைப் பார்த்துத்தான் போகிறது. வலி வந்த நேரத்தையும், எத்தனை நொடியில் உச்சத்துக்குப் போனது என்பதையும் அவரிடம் சொல்லாமல் "தலை வலிக்குது" என்று மட்டும் சொன்னால் பி3இல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டிவரலாம். உட்கார்ந்திருக்கும்போதே மயக்கமோ குழறலோ வந்தால் எழுந்துபோய்ச் சொல்லுங்கள். தொந்தரவு செய்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம்.

முதுகுத்தண்டு நீர் எடுக்க முதுகில் ஊசி போட வேண்டும் என்று சொன்னதும் "கால் விளங்காமப் போயிரும்" என்று கையெழுத்துப் போட மறுக்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது, ஆனால் அதற்கு அடிப்படை இல்லை. முதுகுத்தண்டு நரம்பு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போடும் இடம் அதற்கும் கீழே. அங்கே நீரும், ஊசிக்கு ஒதுங்கிக்கொடுக்கும் நரம்பிழைகளும்தான் இருக்கும். நீர் மஞ்சளாக இருந்தால் அங்கே பழைய ரத்தம் சிதைந்திருக்கிறது என்று பொருள். அந்த மஞ்சள் தெளிவாகத் தெரிய சுமார் 12 மணி நேரம் ஆகும், அதனால்தான் சில சமயம் காத்திருந்து எடுக்கிறார்கள். இதற்குப் பதிலாக ரத்தக்குழாய்களைக் காட்டும் இன்னொரு ஸ்கேன் எடுப்பதும் உண்டு. ஊசிக்குப் பிறகு சில நாள் தலைவலி வரலாம். எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும்.

கசிவு உறுதியானால் புடைப்பைக் கம்பிச்சுருள் வைத்து உள்ளிருந்தே அடைப்பார்கள், அல்லது மண்டையைத் திறந்து கிளிப் போடுவார்கள். நிமோடிபின் என்ற மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள் வரை கொடுப்பார்கள். கசிவுக்குப் பிறகு ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் மூளைக்கு வரும் பாதிப்பைக் குறைக்கத்தான் அது.

இடி மாதிரி வராமலேயே அவசரமாகும் தலைவலிகளும் உண்டு. அங்கே கேட்க வேண்டியது, கூடவே என்ன வந்தது என்பதை.

முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது. இது பக்கவாதம், 995. அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் அவகாசம். அந்தக் கடிகாரம் "கடைசியாக அவரை நன்றாகப் பார்த்த நேரம்" என்பதிலிருந்து ஓடும். காலையில் எழும்போதே இப்படி இருந்தால், ராத்திரி எத்தனை மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

காய்ச்சலோடு தலைவலி என்றால் சிங்கப்பூரில் எல்லாருக்கும் முதலில் டெங்கிதான் தோன்றும், அது சரியும்கூட. கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் முறித்துப் போட்ட மாதிரி. கிளினிக்குக்குப் போய் ரத்தம் சோதியுங்கள். டெங்கி இல்லை என்று தெரியும்வரை பனடோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். புரூஃபென், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக் கசிவைத் தூண்டும். காய்ச்சல் இறங்கும் 3ஆம் நாள் முதல் 7ஆம் நாள் வரைதான் கவனமாக இருக்க வேண்டிய காலம். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு வந்தால் நேரே மருத்துவமனை.

காய்ச்சல், தலைவலி இரண்டோடும் கழுத்து விறைப்போ குழப்பமான பேச்சோ வலிப்போ இருந்தால் டெங்கியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அது மூளை உறைக் காய்ச்சலாக இருக்கலாம், சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். 2015இல் இங்கே பச்சையாகச் சாப்பிட்ட நன்னீர் மீனிலிருந்து ஒரு கிருமி பரவி, சிலருக்கு மூளை உறை வரை போனது. அதன்பிறகுதான் உணவுக்கடைகளில் பச்சை நன்னீர் மீன் பரிமாறத் தடை வந்தது. தோலில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், அழுத்தினாலும் மறையாவிட்டால் ஆபத்து. நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தப் புள்ளிகள் சட்டென்று கண்ணில் படாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், மேலண்ணம் இந்த இடங்களில் பாருங்கள். புள்ளியே இல்லாமலும் இந்த நோய் வரும், அதனால் புள்ளிக்காகக் காத்திருக்காதீர்கள்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தலைவலி என்றால் நம் வீடுகளில் பதில் தயாராக இருக்கும்: "தலைக்கு ஊத்தினதும் நீர் கோத்துக்கிச்சு." சாம்பிராணி போட்டு, சுக்குப் பற்றுப் போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள். சாம்பிராணி போடுங்கள், ஆனால் அதற்கு முன் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பிறகும், பிரசவமாகி 6 வாரம் வரையிலும் தலைவலியோடு 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 160/110 என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கண்ணில் மின்னல் மின்னுவது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகம் திடீரென்று வீங்குவது இவையெல்லாம் அதே கதையின் பகுதிகள், அடுத்து வலிப்பு வரலாம். அழுத்தம் சரியாக இருந்து தலைவலி மட்டும் நாளுக்கு நாள் கூடினால் மூளையின் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கவும் வாய்ப்புண்டு. பிரசவத்துக்குப் பின்னும், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். முதுகில் ஊசி போட்டுப் பிரசவம் பார்த்திருந்தால், உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் வலி வரலாம். அதற்கும் பிரசவம் பார்த்த மருத்துவமனையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து, லேசாகத் தலையில் பட்டு, "ஒண்ணுமில்ல" என்று எழுந்து நடப்பார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி, நடை தள்ளாட்டம், பகலெல்லாம் தூக்கம், பேர் மறந்துபோவது. விழுந்ததை எல்லாரும் மறந்திருப்பார்கள், வயசாச்சு என்று விட்டுவிடுவார்கள். மண்டைக்குள் மெல்ல ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, தலையில் பட்டாலே அன்றைக்கே காட்ட வேண்டும்.

50 வயதுக்கு மேல் முதல்முறையாக ஒரு புதுத் தலைவலி வந்து, தலை சீவும்போது நெற்றிப்பொட்டில் வலித்து, சாப்பாட்டை மெல்லும்போது தாடை கடுத்தால் அது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். நம் இனத்தாரிடம் அதிகம் காணாத நோய்தான், ஆனால் விட்டால் ஒரு கண் பார்வை போய்விடும், போனது திரும்பாது. சோதனை முடிவு வரும் முன்பே மருந்தைத் தொடங்குவார்கள்.

கண் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, தலைவலியும் வாந்தியும் வந்தால் அது கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியது. ஆசியர்களிடம், அதிலும் வயதான பெண்களிடம், இது கூடுதலாகக் காணப்படுகிறது. வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொன்னால் வித்தியாசம் தெரிந்துவிடும். அன்றைக்கே அவசரப் பிரிவு.

முடிவெட்டும் கடையில் தலையைத் தேய்த்துவிட்டு, கடைசியில் கழுத்தை இரண்டு பக்கமும் படக் படக்கென்று திருப்பி நெட்டி முறிப்பார்கள். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் கண்டிப்பான கருத்து உண்டு: வேண்டாம். அப்படித் திருப்பும்போது கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம், அங்கே ரத்தம் கட்டியாக உறைந்து மூளைக்குப் போகலாம். நடப்பது அபூர்வம்தான், ஆனால் இளைஞர்களுக்குப் பக்கவாதம் வரும் வழிகளில் அதுவும் ஒன்று. அதற்குப் பிறகு ஒரு பக்கக் கழுத்து வலி, தலைவலி, கண் இமை தொங்குவது, தலைசுற்றல் வந்தால் நேரே மருத்துவமனை, "கழுத்தைத் திருப்பினார்கள்" என்றும் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக. காலையில் தலைவலியோடு எழுந்து வாந்தி எடுப்பது பல நாள் தொடர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ பள்ளிக்கு மட்டம் போடுவதற்கான நடிப்பு என்று நினைக்காதீர்கள்.

வேலையிடத்தில் தலையில் அடிபட்ட தம்பிகளுக்கு: அடிபட்டதும் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து வலி கூடி மயங்கியவர்கள் உண்டு. வாந்தி ஒரு தடவைக்கு மேல் வந்தாலோ, தூக்கம் கலையாமல் கிடந்தாலோ விடுதி அறையில் இருப்பவர் 995ஐ அழைக்கலாம், மேற்பார்வையாளரின் அனுமதி தேவையில்லை. சிகிச்சைச் செலவை ஏற்பது முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல் வெளிநாட்டு ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளியாக இருக்க வேண்டும் என்பது விதி. காசை நினைத்துப் படுத்துக் கிடக்காதீர்கள்.

ரத்த அழுத்தக் கருவி இருக்கும் வீடுகளில், தலைவலித்ததும் அதை மாட்டிப் பார்த்து 155 என்றதும் பதறுவார்கள். வலியே அழுத்தத்தை ஏற்றும். கர்ப்பிணியோ பிள்ளை பெற்றவரோ இல்லையென்றால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். 180/120க்கு மேல் நின்று, கூடவே பார்வை மங்கல், குழப்பம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தால் 995.

மேலே சொன்ன எதுவும் இல்லாமல், உங்களுக்கு வழக்கமாக வருகிற அதே தலைவலி என்றால் கிளினிக் போதும். பனடோல் 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கூடாது, ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதமாக வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அதை நிறுத்தும் விதத்தை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். பழகிய தலைவலி தன் குணத்தை மாற்றிக்கொண்டால், புது இடத்தில், புது வேகத்தில், புதுத் துணையோடு வந்தால், அதைப் பழைய தலைவலி என்று எண்ணாதீர்கள். மறுபடி முதல் கேள்வியிலிருந்து கேளுங்கள்: எந்த நொடியில் வந்தது, உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆச்சு.